வாளுக்குப் பூசிய எண்ணெய்

“மீன் பொரிக்க எண்ண இல்ல, வாளுக்கு மட்டும் எங்க இருந்து வருது?” என்று நஜ்முன் நிஸா தன் கணவர் நஸ்ரியோடு சண்டை பிடிக்காத நாளில்லை. கிண்ணியாவில் வீடு, தொழில் திருகோணமலைத் துறைமுக வீதி மரங்களில் கிளை தறிப்பது. கடற்காற்றுக்கு இரும்பு ஒரு கிழமையில் துருவேறிவிடும். அதனால் வேலை முடிந்ததும் கிளை அறுக்கும் வாளின் பற்களுக்குத் தேங்காயெண்ணெய் பூசித் துணியில் சுற்றி வைப்பார். அப்படிப்பட்ட மனிதனின் கையாலா இது நடக்கவேண்டும் என்று பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும்.

போன வருடம் வீதியோர வாகைகள் ஒவ்வொன்றாக வாடின. பார்க்க வந்த மரநோய் அதிகாரி கனகசுந்தரம் பட்டையைச் செதுக்கினார். உள்ளே கறுப்புக் கோடு. வெளிநாட்டிலிருந்து வந்த பங்கசுப் பூஞ்சை, வெட்டுக்காயத்தால் உள்ளே நுழையும் என்று பக்கத்தில் நின்ற நஸ்ரியிடம் சொன்னார்.

“வாளை என்னத்தால துடைக்கிறனீங்கள்?”

“தேங்காயெண்ண, சேர்.”

“எண்ணெயில மரத்தூள் ஒட்டும். தூளோட நோயும் அடுத்த மரத்துக்குப் போகும். ஸ்பிரிட்டால துடைச்சிருக்க வேணும்.”

நஸ்ரி வாடிய மரங்களைத் திரும்பிப் பார்த்தார். அவர் தறித்துக்கொண்டு போன அதே வரிசை. நாலாவது, பஸ் தரிப்பிடத்து மரம். அதன் நிழலில்தான் கமலேஸ்வரி பதினாறு வருடமாகக் கச்சான் கடலை விற்கிறார். அதிலும் ஒரு கிளையின் இலைகள் பழுத்திருந்தன.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், கமலேஸ்வரிக்குத் தெரிந்திராது. நஸ்ரி நேரே அவரிடம் போனார்.

“அக்கா, இந்த மரத்துக்கு நோயக் கொண்டு வந்தது என்ட வாள்தான்.”

கமலேஸ்வரி கச்சான் வறுப்பதை நிறுத்தவில்லை. “காப்பாத்த ஏலாதோ?”

“அடிமரத்துக்கு இறங்காட்டி ஏலும்.”

மறுநாள் காலை ஏறினார். ஒவ்வொரு வெட்டுக்கும் முன் வாளை ஸ்பிரிட்டால் துடைத்தார். முதல் வெட்டில் கறுப்பு. ஒரு முழம் கீழே வெட்டினார், அங்கும் கறுப்பு. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்திலும் அதே கோடு உள்ளே ஓடியது. கீழே கமலேஸ்வரி அண்ணாந்து பார்த்தபடி நின்றார். இறங்கி வந்து அந்த முகத்தைப் பார்க்க நஸ்ரிக்கு வெட்கமாக இருந்தது. அழுதேவிட்டார்.

“ஏலாது, அக்கா. முழுசா வெட்டத்தான் வேணும். வேற ஆள அனுப்பச் சொல்றன்.”

கமலேஸ்வரியின் கண்களும் கலங்கித்தான் இருந்தன. சூடான கச்சான் சுற்றிய கடதாசிச் சரை ஒன்றை நஸ்ரியின் கையில் வைத்தார்.

“வேற ஆக்களெண்டா கயிறு போட்டு இழுத்து விழுத்துவினம். நீங்களே வெட்டுங்கோ, தம்பி. மெதுவா வெட்டுங்கோ.”