மாத்திரை போடாமல் வந்தவர்கள்

தொண்ணூறுகளின் பிற்பாதியில் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு ஈசிஜி எடுக்கும் வேலை. தோல் தடிப்புக்கான புது மாத்திரை ஒன்றை அங்கே சோதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வகை மாத்திரைகளில் சில, இதயத் துடிப்பைக் குலைக்கும் என்று தெரியவந்திருந்த காலம். அதனால் மாதம் ஒருமுறை, காலை மாத்திரை போட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில், ஒவ்வொருவருக்கும் ஈசிஜி எடுக்க வேண்டும். ஒரு துடிப்பு தொடங்கியதிலிருந்து இதயம் அடுத்ததற்கு ஆயத்தமாகும்வரை எவ்வளவு நேரம் என்று தாளில் அளக்க வேண்டும். அது நீண்டால் துடிப்பு தாறுமாறாகி, நிற்கிற ஆள் விழுந்து சாகலாம்.

பள்ளிக்கூடத்து டிவைடரை வைத்துக் கட்டம் கட்டமாக அளந்தேன். நான்கு மாதம் ஒருவருக்கும் நீளவில்லை. பெருமையாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஐந்தாம் மாதம், ஆழ்வார்குறிச்சியிலிருந்து வரும் அரிசி ஆலைத் தொழிலாளி தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

“தம்பி, ஒரு தப்பு நடந்துபோச்சு. நெனப்பில்லாம மாத்திரையப் போட்டுட்டேன். நாளைக்கு வரட்டா?”

“போட்டுட்டுத்தான அண்ணாச்சி வரணும்?”

“எவன் போடுதான்? டெஸ்டுன்னா வெறும் வயித்துலல்லா வரணும்! எல்லாரும் பச்சத்தண்ணி குடிக்காம வாறோம். மொதநாள் ரத்தம் எடுக்கையில நீங்கதான சொன்னீய?”

சொன்னேன்தான். ரத்தத்துக்குச் சொன்னது. படிவத்தில் ‘இன்று மாத்திரை எடுத்தாரா?’ என்று ஒரு கேள்வி உண்டு. ஒருவரையும் கேட்காமல் எல்லாவற்றிலும் ‘ஆம்’ என்று எழுதியவனும் நான்தான்.

படுக்கவைத்து எடுத்தேன். போன மாதத்தைவிட மூன்று கட்டம் நீண்டிருந்தது. மறுபடி அளந்தேன். அதேதான்.

“கிறுகிறுன்னு வருதா?”

“போன வாரம் ஆலையில பொத்துனு விழுந்தேன். வெக்கைன்னு விட்டுட்டேன்.”

தாளோடு, சோதனைக்குப் பொறுப்பான டாக்டரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே பார்த்தார்.

“நாளைக்கு மாத்திரை போடாம வரச்சொல்லு. நல்லா வரும். அத வச்சிக்கிடலாம்.”

“அப்ப, போட்டா நல்லா வராதுன்னு ஒங்களுக்குத் தெரியுதுல்லா சார்?”

“ஏலே, ஒங்க வீட்டுல மொதமொத பள்ளிக்கூடம் போனவன் நீ. அதுக்காக எனக்கே பாடம் எடுக்கியோ? ‘ஆம்’னு எழுதுனது யாரு கை? வெளிய தெரிஞ்சா ஒன் வேலதான் போவும். பைய போ.”

திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். சிரித்துக்கொண்டு சொன்னார்.

திரும்பி வந்து மாத்திரை டப்பாவைக் கேட்டேன். அண்ணாச்சி மடியை இறுக்கிக்கொண்டார். “அரிப்பு போயி இப்பத்தான் மனுசனா ஒறங்குதேன். பிடுங்காதீய.”

“ஒறங்குனவரு எந்திரிக்கணும்லா?” என்று கத்திவிட்டேன். வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டப்பா என் கைக்கு வந்தது. தாளையும் அவரையும் ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே மாத்திரை இல்லாமல் மூன்று நாள் வைத்திருந்து எடுத்ததில், அளவு பழையபடி இறங்கியிருந்தது.

அது தெரிந்த அன்றைக்கே படிவங்களை எல்லாம் எடுத்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு ‘ஆம்’ மேலும் கோடு போட்டு, பக்கத்தில் ‘நான் கேட்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நகலெடுத்து, அண்ணாச்சிக்கு மாத்திரையோடும் இல்லாமலும் எடுத்த இரண்டு தாள்களையும் சேர்த்து, சோதனை நடத்திய கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மற்றவர்களுக்கு, மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே பெரியாஸ்பத்திரிக்கு வரும்படி கார்டு போட்டேன். பிறகு டாக்டர் அறைக்குப் போய், என் வேலையை அவர் பறிக்குமுன் நானே ஈசிஜி அறைச் சாவியை மேசைமேல் வைத்தேன். அப்போது அவர் சிரிக்கவில்லை.