சேட்டுவின் இடது காது

சேட்டு வரப்பில் தள்ளாடி நடந்ததைப் பார்த்ததும் எங்கள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது: ஆள் குடிக்கிறான். பெண்டாட்டியைப் பறிகொடுத்து, ஒரே மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாகப் பொங்கித் தின்கிறவன் வேறென்ன செய்வான் என்று பேச்சு. சேட்டுவின் அண்ணன் கோபால் அவரை இழுத்துக்கொண்டு போய், குடியை விடுகிறவர்களுக்கு முனீஸ்வரன் கோயிலில் கட்டுகிற கயிற்றைக் கட்டவைத்தார். சேட்டு டீயைத் தவிர எதையும் குடித்ததில்லை. சொன்னால் யார் நம்பினார்கள்? கயிறு கட்டியும் நடை தள்ளாடவே, “சாமிக்கே டிமிக்கி குடுக்கிறான்” என்றார்கள். அடப்பாவிகளா! அதன்பிறகு ஒருத்தரும் அவர் வாசலில் நிற்கவில்லை.

இடது காதில் இரைச்சலும் சேர்ந்துகொண்டது. உத்திரமேரூரில் பஸ் ஏறி, செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குத் தனியாகவே போனார். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: கேட்பதற்கும் தடுமாறாமல் நிற்பதற்கும் உள்ள நரம்பில் சின்னக் கட்டி. புற்றுநோய் இல்லை. ஆபரேஷன் செய்து எடுக்கலாம். ஆனால் அந்தக் காது அநேகமாகப் போய்விடும். கதிர்வீச்சு கொடுத்து வளராமல் நிறுத்தப் பார்க்கலாம்; கேட்பது மெல்லக் குறையலாம். இப்போதைக்கு எதுவும் செய்யாமல், ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தும் பார்க்கலாம். அதிலும் காதுக்கு உறுதி சொல்ல முடியாது.

வலது காது சிறுவயதிலேயே சீழ் பிடித்துப் போனது. மிச்சம் இருப்பது இந்த ஒன்றுதான். சாயங்காலமானால் மகள் சசிரேகா போன் செய்வாள். இந்தக் காதில்தான் வைத்துக் கேட்பார். அவரிடம் பேசுகிற ஒரே குரல் அது.

அன்றைக்கு எல்லாவற்றையும் மகளிடம் சொன்னார்.

“ஆபரேசன் பண்ணிக்கோ நைனா. தனியா கீற. எங்கனா வியுந்து கெடந்தா யாரு வந்து தூக்குவா?”

“வியுந்தா மெதுவா எய்ந்துக்குவேன். உன் கொரலு பூட்ச்சினா எங்க போயித் தேடுவேன்? கட்டி பாட்டுக்கு இருக்கட்டும், ஸ்கேன் எட்த்துப் பாத்துக்கினு இருக்கேன்.”

மறுமுனையில் சத்தமே இல்லை. சேட்டு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, “கண்ணு, பேசிக்கினு கீறியா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே... பேசு கண்ணு!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

கொஞ்ச நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

“அயுவுறியா?” என்றார் சேட்டு. “அப்பாடா! அயு கண்ணு, அயு. நல்லா கேக்குது.”