இடுப்பு மறக்கிற வாரம்

"இடுப்புக்கெல்லாம் ஒண்ணுமில்லம்மே, வெயிலுதான். நடந்து வந்தன்ல, அதான் இப்டி நிக்கறன்" என்றாள் ராணியம்மாள்.

இடுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மோர் வேணுமா, தண்ணி வேணுமா என்றுதான் பாஞ்சாலி கேட்டாள். ஒரு கையைச் சுவரில் ஊன்றி, இன்னொரு கையால் முதுகின் கீழ்ப்புறத்தை அழுத்திக்கொண்டு நின்றவளுக்கு, ஊரே அதைத்தான் கேட்கிறது என்று பட்டிருக்க வேண்டும்.

"தண்ணியே குடு. மோரு குடிச்சா இங்கயே படுத்துடுவன். ஒம் பையன் எங்க?"

"அவனுக்கு இன்னாக்கா, நடக்கறான். ஜம்முனு நடக்கறான்."

ராணியம்மாள் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். திருப்புலிவனத்துக்கு மேற்கே வயலுக்கு நடுவில் இருந்த அந்தச் சின்ன ஊரில், அன்று காலையிலிருந்து அவள் ஏறி இறங்கிய ஆறாவது வீடு அது. ஆறு வீட்டிலும் பிள்ளைகள் நடந்தார்கள். போன வீட்டில் ஒன்று, பிறந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை, அதுவும் நடப்பதாகத்தான் அதன் அம்மா சொன்னாள்.

"எறக்கி வுடு, பாக்கலாம்."

பாஞ்சாலி உள்ளே போய்ப் பையனைத் தூக்கிவந்து நிற்கவைத்தாள். பதினோரு மாசம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய மினுமினுப்பு போகாத உடம்பு. உச்சந்தலையில் நாலு முடி தனியாக எழுந்து நின்று காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. பாஞ்சாலியின் விரல்கள் அவன் அக்குளுக்குள் ஒளிந்திருந்தன.

"வெரல எடு."

"எட்துட்டன்க்கா."

"அந்தப் பக்கத்து வெரலயும் எடு."

எடுத்தாள். பையன் ஒரு கணம் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு பொத்தென்று உட்கார்ந்தான். உட்கார்ந்ததே பெரிய வித்தை என்பதுபோல் இரண்டு பேரையும் பார்த்து, இருந்த இரண்டு பல்லையும் காட்டினான். அப்புறம் கோழிக்கு வைத்திருந்த தண்ணீர்ச் சட்டியைப் பார்த்துத் தவழ ஆரம்பித்தான்.

"நேத்து நடந்தான்" என்றாள் பாஞ்சாலி.

"நாளிக்கும் நடப்பான். இன்னிக்கி தவழறான். ஏணதான்."

அது எழுபத்தெட்டாம் வருஷத்து ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறக்க எட்டு நாள் இருந்தது. சொர்ணவாரி நெல்லுக்குக் களை எடுக்கிற பருவமும் அதுதான். தாய்மார்கள் விடிவதற்குள் கழனிக்குப் போய்விடுவார்கள்; அன்று ஒரு நாள் வேலை இல்லாததால்தான் வீட்டில் இருந்தார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்வது அந்தந்த வீட்டுப் பெரிய பெண்ணின் வேலை. பெரிய பெண் என்றால் ஏழு வயசு, எட்டு வயசு, மிஞ்சினால் பத்து. தம்பியைத் தூக்கிக்கொண்டு அவள் பள்ளிக்கூடம் வந்தால், அது கத்தும். ஒன்று கத்தினால் வகுப்பே கத்தும். வராமல் நின்றால் கொஞ்ச நாளில் பேரை அடித்துவிடுவார்கள்.

ராணியம்மாள் பள்ளிக்கூடத்தைப் பெருக்கித் தண்ணீர் வைப்பவள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், பஞ்சாட்சரம் வாத்தியார் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு குழந்தை விடாமல் கத்தியது. "இத செத்த வெளிய வெச்சிக்கம்மா" என்று அவள் கையில் கொடுத்தார். வெளியே வைத்துக்கொண்டாள். மறுநாள் இரண்டு வந்தது. அந்தச் செத்த நேரம் ஒன்பது வருஷமாக முடியவில்லை.

பள்ளிக்குப் பின்னால் ஒரு புங்கமரம். பழைய சேலையை இரட்டையாய் மடித்துக் கிளையில் கட்டினால் அதுதான் ஏணை. ஏணை தாங்கும் கிளை அந்த மரத்தில் நாலு இருந்தது. நடக்கிற பிள்ளைகள் எத்தனை வந்தாலும் அவளுக்குப் பரவாயில்லை. மணலில் விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் அவர்கள்மேல் வைத்திருந்தால் போதும். ஏணைப் பிள்ளை அப்படி இல்லை. எடுக்க வேண்டும், போட வேண்டும், நனைத்தால் மாற்ற வேண்டும், தோளில் போட்டுத் தட்ட வேண்டும், திரும்பப் போட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை குனிந்தாள், எத்தனை தடவை நிமிர்ந்தாள் என்று அவள் கணக்கு வைத்ததில்லை. இடுப்பு வைத்திருந்தது.

மாசி மாசத்தில் ஒரு டாக்டரம்மா சொல்லிவிட்டார்: குடம் தூக்காதே, பிள்ளை தூக்காதே, குனியாதே. "குனியாம எப்டிம்மா பெருக்கறது?" என்று இவள் கேட்டாள். "அதுக்கு எங்கிட்ட மருந்து இல்லம்மா" என்றார் அவர், பாவமாய்.

அதனால் இந்த வருஷம் மூன்று ஏணைதான் என்று முடிவு செய்திருந்தாள். அதுவே அதிகம். பாஞ்சாலி பையனோடு மூன்றும் நிறைந்துவிட்டது.

"நல்லா கேட்டுக்க" என்றாள் பாஞ்சாலியிடம். "இன்னியிலேர்ந்து ஒம் பொண்ணு இவன தூக்கக் கூடாது. இடுப்பு மறக்கணும் அவனுக்கு. அய்தான்னா அய்வட்டும். பாய்ல போட்டு பக்கத்துல குந்தி பேசட்டும், பாடட்டும், தூக்க மட்டும் கூடாது. ரெண்டு நாளு கத்துவான், மூணா நாளு கத்தமாட்டான்."

"நாலா நாளும் கத்தனா?"

"அப்ப நீ போன வருசம் ஒருத்தி பண்ணா மாரி திருட்டுத்தனமா தூக்கிக்கீறேன்னு அர்த்தம். ஒன் பயய சேல ஒண்ணு எட்து வை. தொவைக்காத."

"நாறும்க்கா."

"நாறணும். ஒன் நாத்தத்துலதான் அவன் தூங்குவான்."

வருஷம் தவறாமல் ஒவ்வொரு வீட்டிலும் இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. குழந்தைகளாவது சீக்கிரம் மறந்துவிடும். அந்தப் பெண்களுக்குத்தான் மறக்காது. பள்ளிக்கூடம் திறந்து பத்து நாள்வரை, இடுப்பில் ஒன்றும் இல்லாமலே ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நடப்பார்கள். ஸ்லேட்டு பிடிக்காத கை எதையோ அணைத்துக்கொண்டே இருக்கும்.

கடைசி வீடு ஜெயம்மாளுடையது. போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் போகாவிட்டால் திங்கட்கிழமை காலையில் குழந்தையோடு வந்து நிற்பார்கள். அதைவிட இன்றைக்கே சொல்லிவிடுவது மேல் என்று நடந்தாள்.

ஜெயம்மாளின் மகள் ஆதிலட்சுமிக்கு ஒன்பது வயசு, நாலாவது வகுப்புக்குப் போக வேண்டியவள். அவள் இடுப்பில் தம்பி சடையன் இருந்தான். எட்டு மாசம்தான். ஆனால் மணிக்கட்டில் நூல் கட்டி இறுக்கியதுபோல் மடிப்பு, தொடையில் மூன்று மடிப்பு, கழுத்தே இல்லை. பார்த்தவர்களுக்குக் கடிக்கத் தோன்றும் கன்னம். அந்தப் பெண் அவனைத் தாங்குவதற்காக வில் மாதிரி வளைந்து நின்றாள்.

"நடக்கறான்னு பொய் சொல்ல மாட்டன்க்கா" என்றாள் ஜெயம்மாள். "குந்தவே மாட்டான்."

"ஏண மூணுக்கும் ஆளு சேந்துடுச்சி ஜெயா."

"நாலு கெள கீதேக்கா."

"கெள நாலு கீது. முதுகு ஒண்ணுதான கீது."

டாக்டரம்மா சொன்னதை அப்போதுதான் முதல்முதலாக ஒருவரிடம் சொன்னாள். ஜெயம்மாள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள், திரும்பவும் எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் கன்னியப்பன் சாப்பிட வந்தான். பெரிய வீட்டுக்காரர் கிணற்று மோட்டாருக்கு அவன்தான் காவல்.

"வாக்கா. எலெக்சன் மாரி வூடு வூடா வரே."

"ஓட்டு கேக்க வரல, இல்லேன்னு சொல்ல வந்தன். நீ சொல்லு கன்னியப்பா, கரண்டு எப்ப வுடறான்?"

"இந்த மாசம் பூரா மதியானம் ரெண்டு மணிக்குதான்."

"அதுவரைக்கும் இன்னா பண்றே?"

"மோட்டார பாத்துக்கினு கீறேன்."

"ஓடாத மோட்டாரயா?"

"ஓடாதப்பதான்க்கா திருடுவான். ஓடற மோட்டார எவன் வந்து கயட்டுவான்?"

ஆதிலட்சுமி சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று வாயை மூடிக்கொண்டாள்.

"சரி, இவனயும் பக்கத்துல போட்டு பாத்துக்க. ரெண்டு மணிக்கி இஸ்கூல் பக்கமா வந்தீன்னா, நடக்கற புள்ளைங்களோட மணல்ல போட்டு வெச்சிக்கறேன். கொஞ்ச நேரந்தான, சமாளிப்பன்."

கன்னியப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையை ஆட்டினான். "ஆம்பள புள்ளய இடுப்புல வெச்சிக்கினு வரப்புல போனா ஊரு சிரிக்கும்க்கா. ஒரு வருசம் நிக்கட்டும் இவ. இவன் நடக்க ஆரமிச்சதும் போவா. நாலாங் கிளாசு எங்க ஓடிப்போவுது?"

நாலாம் வகுப்பு எங்கேயும் ஓடாது. ஆனால் ராணியம்மாளுக்குத் தெரியும். ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு வருஷம் என்று நின்ற பெண்கள் பதினோரு பேர். ஒருத்தியும் திரும்பி வரவில்லை. அடுத்த ஜூனுக்குள் வீட்டில் அடுத்த குழந்தை இருக்கும். இல்லாவிட்டால் அவளே களை எடுக்கும் உயரத்துக்கு வளர்ந்திருப்பாள். இதையெல்லாம் சொல்லலாம். சொல்வதற்கு அவளுக்குத் தெம்பில்லை. எழுந்துகொண்டாள்.

வாசல்வரை கூடவே வந்த ஆதிலட்சுமி கேட்டாள்: "அத்தே, இடுப்பு மறக்கணும்னா இன்னா பண்ணணும்?"

"ஒனக்கெதுக்கும்மா அது?"

"சும்மாதான் அத்தே, சொல்லேன்."

இத்தனை வீட்டில் சொன்னதை இந்த ஒரு பெண்ணுக்குச் சொல்ல மாட்டேன் என்பதற்கும் தெம்பு வேண்டுமே. சொல்லிவிட்டு நடந்தாள்.

அந்த வாரம் ராணியம்மாளுக்கு வேறு நினைப்பே இல்லை. புதன்கிழமை, தவிட்டு மூட்டையில் பாதியைக் கொட்டிவிட்டு, எட்டு மாசக் குழந்தையின் கனம் இருக்குமா என்று கையில் பார்த்து, குனிந்து தூக்கிப் பார்த்தாள். நிமிர முடியவில்லை. மூட்டையோடு தரையில் உட்கார்ந்தவள், பக்கத்து வீட்டுக்காரி வந்து கைகொடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை. முடியாது என்பது அன்றைக்கு உறுதியாகிவிட்டது. வேறு யார் குழந்தையையாவது விட்டுவிடலாமா என்று மூன்று வீட்டையும் மாற்றி மாற்றி நினைத்தாள். எந்தக் குழந்தையை நினைத்தாலும் அதன் பின்னால் ஒரு பெண் புத்தகப் பையோடு நின்றாள்.

கன்னியப்பன் வீட்டில் குழந்தை காலையிலிருந்து சாயங்காலம்வரை ஓயாமல் கத்துகிறது என்று களையெடுத்துத் திரும்பியவர்கள் சொன்னார்கள். வயிற்று வலியோ என்னவோ, போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். போகவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. ஒன்பது மணிக்குள் மூன்று ஏணையும் நிறைந்தன. நடக்கிற பிள்ளைகள் ஐந்து பேர் மணலில் இறங்கினார்கள்; இறங்கிய கையோடு ஒருவன் இன்னொருவன் தலையில் மண்ணைக் கொட்டினான். பாஞ்சாலி பையன் அம்மாவின் அழுக்குச் சேலைக்குள் கிடந்து காலை மட்டும் வெளியே நீட்டி, எதிர்வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான். ராணியம்மாள் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். இன்றைக்கு ஆரம்பித்தால் இனி ஏப்ரல்வரை இதுதான்.

பஞ்சாட்சரம் வாத்தியார் அட்டெண்டன்ஸ் நோட்டோடு ஜன்னலுக்கு வந்தார். "ராணிம்மா, நாலாவதுல ஆதிலட்சுமி வரலியே. ஜெயம்மா பொண்ணு. நின்னுட்டாளா?"

"அப்டித்தான் சார் பேசிக்கினாங்க. இன்னிக்கி ஒரு நாளு பேர அடிக்காத வெய்ங்க."

"நாளிக்கி வருவாளா?"

"வரமாட்டா. இன்னிக்கி அடிக்காதீங்க, அவ்ளோதான்."

அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வரப்பின்மேல் இரண்டு பேர் வருவது தெரிந்தது. முன்னால் ஆதிலட்சுமி, தோளில் மஞ்சள் பையோடு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு. பத்தடி பின்னால் கன்னியப்பன். அவன் இடுப்பில் சடையன், அப்பனின் காதைப் பிடித்துக்கொண்டு. களத்து மேட்டில் இரண்டு பேர் எதையோ சொல்லிச் சிரிப்பது இங்கேவரை கேட்டது. கன்னியப்பன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆதிலட்சுமி மரத்தைத் தாண்டும்போது ராணியம்மாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். "உள்ளேன் ஐயா" என்று அவள் குரல் கேட்டது, வாத்தியார் கூப்பிடுவதற்கு முன்பே.

"எல்லாம் ஒன்னாலதான்" என்றான் கன்னியப்பன், மூச்சு வாங்க. "நீ இன்னா சொல்லிக் குட்தியோ, அந்தப் பொண்ணு எட்டு நாளா இவன தொடல. பாய்ல போட்டுட்டு பக்கத்துல குந்திக்கினு பாட்டு பாடுது. இவன் கத்தறான். இவங்கம்மா கயினியிலேர்ந்து வர பொய்து சாஞ்சிடுது. யாரு தூக்கறது? நாந்தான் தூக்கனேன். இப்ப எறங்க மாட்டேங்கறான். பேஜாரு. நாஷ்டா கூட துன்னல."

"அடிச்சித் தூக்க வெச்சிருக்கலாமே அவள?"

கன்னியப்பன் குழந்தையின் மூக்கைத் துடைத்தான். துடைத்த விதத்தைப் பார்த்தால் எட்டு நாள் பழக்கம் மாதிரியே தெரிந்தது.

"இந்தா, புடி" என்று நீட்டினான். சடையன் அவன் காதை விடவில்லை. கால் இரண்டையும் அவன் வயிற்றைச் சுற்றிப் பூட்டிக்கொண்டு, கத்துவதற்கு வாயைத் திறந்தான்.

ராணியம்மாள் கையை நீட்டவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. பக்கத்தில் கிடந்த கோணியை அவன் பக்கம் காலால் தள்ளினாள்.

"புள்ளய வாங்க முடியாது கன்னியப்பா, ஒன்ன வேணா ரெண்டு மணி வரிக்கும் வெச்சிக்கறேன்" என்றாள். "குந்து, ஒன் மோட்டாரு இங்கேர்ந்தே தெரியுது. அந்த நடு ஏண நனஞ்சிடுச்சி பாரு, மொதல்ல அத மாத்து."