மரத்தடிக் கோலம்

என் தாய்மாமாவைப் போல ஒரு கெட்டிக்காரரை நான் பார்த்ததில்லை. இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

கரமனை ஆற்றோரம் அடுக்குமாடி கட்டிய இடத்தில் அவர்தான் மேஸ்திரி. அம்மாவும் அப்பாவும் அவரிடம் வேலை பார்த்தார்கள். நாங்கள் தங்கியது அங்கேயே ஒரு தகரக் கொட்டகையில். மனையின் நடுவே பெரிய தூங்குமூஞ்சி மரம். அதில் இராக்கொக்குகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தன. அடியில் எப்போதும் வெள்ளை எச்சமும் மீன்வாடையும்தான். குஞ்சுகள் பறந்து போகும்வரை மரத்தைத் தொடக்கூடாது என்பது விதி. ஓர் அதிகாரி வந்து பார்த்து, கூடு இல்லை என்று எழுதிக்கொடுத்தால்தான் வெட்டலாம். இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. ஒன்பது வயதில் எனக்கு நன்றாகத் தெரிந்தது கோலம் போடுவது ஒன்றுதான்.

அதிகாரி வரும் நாளன்று காலையில் மரத்தடியைக் கழுவிவிட்டு, ஒரு பை நிறையக் கோலமாவை மாமா என் கையில் தந்தார்.

"பூசைக்காக்கும். தரை முழுக்க வெள்ளையா நெறஞ்சு கெடக்கணும், கேட்டியா மக்ளே?"

நிறைத்தேன். போடும்போதே மேலிருந்து எச்சம் விழுந்தது. துடைக்கப் போனேன். "கெடக்கட்டு, தெரியாது" என்றார். கோலத்தின் நடுவில் ஒரு செங்கல்லை நட்டு, பொட்டு வைத்து, விளக்கேற்றினார். பிறகு கலவை மெஷினை ஓடவிட்டார். உள்ளே ஜல்லியும் இல்லை, சிமெண்டும் இல்லை. வெறும் மெஷின் கடகடவென்று சுற்ற, குஞ்சுகளின் கூச்சல் அதில் அமுங்கிப்போனது.

ஜீப்பில் வந்த அதிகாரி குடையும் கையுமாக மரத்தடியில் நின்று கோலத்தைப் பார்த்தார். "கொள்ளாமல்லோ மோளே!" என்று மலையாளத்தில் என்னை மெச்சினார். ஒரு கையில் குடை இருந்ததால் மறுகையால் நெஞ்சைத் தொட்டுச் செங்கல் சாமியைக் கும்பிட்டார். அண்ணாந்து பார்க்கவேயில்லை. காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் மரம் என் கோலத்தின் மேலேயே விழுந்தது. சிறகு முளைக்காத குஞ்சுகள் மாவிலும் சேற்றிலும் புரண்டு, வாயைத் திறந்து திறந்து மூடின. நான் பாவாடையில் அள்ளிக்கொண்டு வந்த நாலும் சாயங்காலத்துக்குள் செத்துப்போயின. பெரிய பறவைகள் மரமிருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டே இருந்தன.

"அழாத மக்ளே. கூடே இல்லன்னு ஆபீசரே எழுதித் தந்தாச்சுல்லா" என்றார் மாமா.

அவர் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. என் கையாலேயே அல்லவா அத்தனையையும் மறைத்தார்! ஆனால் அந்த அதிகாரி, பாவம், ஏமாந்துபோனார் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பெரியவளான பிறகுதான் அந்தக் குடை உறைத்தது. அன்றைக்குச் சுள்ளென்று வெயில். ஜீப்பிலிருந்து மரம்வரை குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் நடந்து வந்தார். நிழலுக்குள் கால்வைக்கும்போது விரித்தார். திரும்ப வெயிலுக்கு வந்ததும் அதை நன்றாக உதறி, மடக்கிக்கொண்டார்.