மூலைக்குப் போன பெட்டிகள்

அறையின் நான்கு மூலையிலும் நின்று ஒருமுறை கைதட்டுகிறார் ஜிப்ரி. சத்தம் எங்கே ஒட்டுகிறது, எங்கே திரும்பி வருகிறது என்று பார்க்கிறாராம். பிறகு கழுத்தில் தொங்கும் அளவுநாடாவை இழுத்து, இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் நடுவில் எவ்வளவு தூரமோ, கதிரைக்கும் அவ்வளவு இருக்கிறதா என்று அளக்கிறார். தையல்காரர் சோக்குக் கட்டியால் சீமெந்துத் தரையில் கோடு விழுகிறது. பகலில் ஏறாவூரில் சாரன் கடை. அஸர் தொழுதுவிட்டு வந்தால் இதுதான் வேலை.

"இஞ்ச இரிங்க. தலைய ஆட்டப்படாது," என்பார், பாட்டுக் கேட்க வரும் என்னிடம். "கேட்டிங்களா? பாடுறவன் ரெண்டு பெட்டிக்கும் நடுவுல வந்து நிக்கிறான். ஒரு விரல் அளவு தள்ளினாப் போச்சு, ஆள் காணாமப் போயிருவான்."

பொய்யில்லை. அந்தக் கதிரையில் இருந்தால், சுவர் மணிக்கூட்டுக்குக் கீழே ஒருவர் நின்று பாடுவதுபோலவே இருக்கும். மனைவி ஸஹீதா தரை துடைப்பதென்றால் சோக்குக் கோட்டைச் சுற்றித்தான் துடைக்க வேண்டும். "இவருக்கு நான் ரெண்டாந்தாரம். மூத்தவ அந்தப் பெட்டிதான்," என்பாள்.

அடுத்த வீடு ஸஹீதாவின் தங்கை பஹீமாவுடையது. இரண்டும் சீதன வீடுகள். ஒரே காணி, நடுவில் ஒரே சுவர். மூன்று மாதத்துக்கு முன் பஹீமாவின் கணவர் மௌத்தாகிவிட்டார். அவள் இப்போது இத்தாவில், கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் காலத்தில், இருக்கிறாள். நாலு மாதமும் பத்து நாளும் பிற ஆண்கள் கண்ணில் படக்கூடாது. அக்காவின் கணவரும் பிற ஆண்தான்.

ஜிப்ரி ஈரமில்லாத மனிதர் அல்லர். முதல் நாற்பது நாளும் பெட்டிகளைச் சாரனால் மூடியே வைத்திருந்தார். பிறகு திறந்தபோதும் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தார். குறைத்ததும் பாட்டின் அடிச்சத்தம் செத்துவிட்டது. மனம் கேட்கவில்லை. போன கிழமை பெட்டிகளைப் பொதுச்சுவரோடு ஒட்டி மூலைக்குத் தள்ளினார். "மூலைக்குள்ள வெச்சா சுவரும் சேந்து அடிக்கும். சத்தமும் ஏறாது, பேஸும் வரும்," என்றார். கதிரையில் இருந்து கேட்டுவிட்டு "அபாரம்" என்றவன் நான். இதை எழுதவே கூசுகிறது.

அந்த நேரம் ஸஹீதா தங்கைக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தாள். திரும்பி வந்தவள் சுவிட்சை அணைத்தாள். பஹீமா இருப்பது அந்தச் சுவருக்கு மறுபுறத்து உள்ளறையில். சுவரோடு போட்டிருந்த கட்டில் குசினி வாசலில், அடுப்புப் புகைக்குள் கிடந்ததாம். ஏனென்று கேட்டதற்குச் சொன்னாளாம்: "சுவர் இடிக்குது ராத்தா. குர்ஆன் ஓதேலாமக் கிடக்கு. மச்சானுக்கிட்டச் சொல்லிராத. மனுஷனுக்கு இது ஒண்டுதான் சந்தோஷம்."

"குறைச்சித்தானே வெச்சன்," என்றார் ஜிப்ரி. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு, "மௌத்து வீட்டுச் சுவருல மேளம் அடிச்சிருக்கன். வெக்கக்கேடு," என்றார்.

கதவுக்கு வெளியே நின்று மாப்புக் கேட்கலாம்தான். அவருக்கு வாய் வரவில்லை. மனைவியைப் போகச் சொன்னார்.

"நான் போகமாட்டன். நான் சொல்லிக் குடுத்திட்டன் எண்டு அவளுக்கு விளங்கிரும். அது அவளுக்கு இன்னும் வெக்கம்," என்றாள் ஸஹீதா.

இத்தா முடிய இன்னும் நாற்பது நாள். அதுவரை இவர் இதைச் சுமந்துகொண்டு திரிய வேண்டும்.

நேற்றுப் போனேன். பெட்டிகள் அறையின் நடுவில், வயர் கழற்றிக் கிடந்தன. கதிரையைக் காணவில்லை. ஜிப்ரி பொதுச்சுவரில் உள்ளங்கையைப் பதித்து நின்றார். ஒரு பாட்டும் ஓடவில்லை. ஆனாலும் அதிர்வு இருக்கிறதா என்று பார்த்தார். அப்போது மறுபுறம் கட்டில் இழுபடும் சத்தம் கேட்டது. அது சுவர்வரை வந்து நின்றது. யாரோ சாய்ந்து உட்கார்ந்தார்கள். மெல்ல ஓதும் குரல் எழுந்தது.

அவளையே தொட்டுவிட்டவர்போல ஜிப்ரி சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.