மெஷினில் மாட்டாத வலது கை

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் என் மகள் வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம். படப்பையில் வீடு. ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் இரவு ஷிப்ட். அவள் கம்பெனி பஸ் ஏறிப் போன பிறகு, அவளுக்கு என்னென்ன ஆகக்கூடும் என்று யோசிப்பதே என் வேலை. எந்த விபத்தையும் மனதுக்குள் முன்கூட்டியே ஒரு தடவை பார்த்துவிடுவேன்.

ஒரு திங்கட்கிழமை மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். செல்போன் அடித்தது. தெரியாத எண்.

"அப்பா..." ஒரு பெண்ணின் அழுகை.

"பாப்பா! என்னம்மா ஆச்சு? மெஷின்ல கை மாட்டிக்கிச்சா?"

"ஆமாப்பா..."

"எந்தக் கை? வலது கையா?"

அழுகை கூடியது. ஓர் ஆண் குரல் போனை வாங்கிக்கொண்டது. "சார், பதறாதீங்க. வலது கைதான். உடனே ஆபரேஷன் பண்ணணும். அக்கவுன்ட் நம்பர் சொல்றேன், பேங்க்ல பணம் கட்டுங்க. போனை மட்டும் கட் பண்ணாதீங்க."

கட் பண்ணவில்லை. காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியபடியே பாஸ்புக் எடுக்க உள்ளறைக்கு ஓடினேன். நான் இழுத்த வேகத்தில் பீரோ கதவு கிறீச்சிட்டது.

"இன்னாப்பா நீ, கொஞ்சம் தூங்க வுடேன்," என்றது தரையில் கிடந்த போர்வை.

அவளுக்கு அன்றுதான் இரவு ஷிப்ட் வாரம் தொடங்குகிறது. என் மூளைதான் இன்னும் போன வாரத்துப் பகல் ஷிப்டிலேயே இருந்திருக்கிறது.

"உன் கை..." என்று மட்டும் சொல்ல முடிந்தது. போனை அவளிடம் நீட்டினேன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"யாரு கைண்ணா?"

"அந்தப் பொண்ணோடதும்மா. ரத்தம் ரொம்பப் போயிடுச்சி."

"ஐயோ பாவம். அந்தக் கையாலதான் நான் இப்ப தலைய சொறிஞ்சிகினு கீறேன். அவகிட்ட போனக் குடு, எந்த லைன், யாரு சூப்பர்வைசர்னு கேக்கறேன்."

இணைப்பு அறுந்தது. அவள் போர்வையோடு புரண்டு புரண்டு சிரித்தாள். பீரோவுக்கு முன்னாலேயே உட்கார்ந்து நானும் சிரித்தேன்.

"உன் குரல் மாதிரியே இருந்துச்சும்மா."

"அழுதா எல்லாப் பொண்ணும் ஒரே மாரிதாம்பா. அவ இன்னா சொன்னா, மொதல்லேருந்து சொல்லு."

சொன்னேன்.

"பாத்தியா? அவ 'அப்பா', 'ஆமாப்பா'ன்னு மட்டுந்தான் சொன்னா. மெஷினு, கை, அதுவும் வலது கை, மீதிக் கதை ஃபுல்லா நீ வுட்டது."

அவள் சொன்னது சரிதான். அவர்களிடம் ஓர் அழுகைதான் இருந்தது. மற்றதையெல்லாம் என் குரல் எடுத்துக் கொடுத்தது. இப்போது தெரியாத எண்ணில் யார் "அப்பா" என்றாலும் "என்ன ஆச்சு, நீயே சொல்லு" என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொள்கிறேன். எனக்கு அது லேசான காரியமில்லை. பிறகு போனை வைத்துவிட்டு அவள் எண்ணுக்கு நானே கூப்பிடுவேன். உற்பத்தி லைனில் நிற்பவர்கள் போனை எடுக்க முடியாது என்பதால், தொழிற்சாலை ஆபீஸ் எண்ணையும் வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்று மனைவி அரிசிப் பையோடு வந்தபோது, நான் பீரோவுக்கு முன்னால் மகளின் வலது கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா, அப்பனும் பொண்ணும் கை ஜோசியமா?"

"யம்மா, இவர கைய வுடச் சொல்லு. நான் பல்லு வெளக்கணும்."