புலிகுத்திக் கல்லருகே நின்றவர்

ஒன்பதாம் வகுப்பை நான் நாமக்கல்லில், விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளியில் படித்தேன். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பெற்றோர் வந்து பார்க்கலாம். இடையில் எங்கேயாவது பார்த்துப் பேசினால் அந்த மாத ஞாயிறு ரத்து. கோழிப்பண்ணையில்கூட இவ்வளவு காவல் கிடையாது என்று கேலி பேசுவோம். இரவில் ஆளுக்கொரு போர்வைக்குள் அழுவோம். அந்த ஒரு ஞாயிறை நினைத்தே நான் மற்ற நாட்களைத் தள்ளினேன்.

அந்த வருடம் வரலாற்று டீச்சர் எங்களைச் சேலம் அருங்காட்சியகத்துக்கும் அப்படியே மேட்டூருக்கும் கூட்டிப்போனார். அருங்காட்சியகத்தில் ஒரு நடுகல்லில் வீரன் ஒருவன் புலியைக் குத்திக்கொண்டு நின்றான். அதே மாதிரிக் கல் மேச்சேரிப் பக்கம் எங்கள் கடலைக்காட்டிலேயே இருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். வாய் சும்மா இருக்காமல், "எங்க ஊர்ப் பக்கமும் ஒண்ணு இருக்குதுங்க டீச்சர்" என்றேன். போகிற வழிதானே என்று பஸ்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டார். அப்பா அந்நேரம் ஆடுகளை ஏரிப்பக்கம் ஓட்டிப்போயிருப்பார் என்று நினைத்தேன்.

அவர் கல்லுக்குப் பக்கத்திலேயே கடலைச்செடி பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஞாயிறு போய்விடுமே! விதிமுறைத் தாளில் கையெழுத்துப் போட்டவர்தானே, அவருக்குப் புரியும் என்று நம்பினேன்.

"இது யாருங்க ஐயா?" என்று டீச்சர் கல்லைக் காட்டிக் கேட்டார்.

"எங்க முன்னோருல ஒருத்தருங்க. ஆட்டுப்பட்டிக்கு வந்த புலியோட கட்டிப் பொரண்டு செத்துப்போனாருங்க."

எல்லோரும் நோட்டில் எழுதினார்கள். நானும், தெரியாதவள் போல எழுதினேன். பிறகு அவர், "தின்னு பாருங்க சாமி" என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பிடி பச்சைக் கடலை கொடுத்தார். எனக்கும் அதே ஒரு கைப்பிடிதான். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. என்னமாய் நடிக்கிறார் என்று பஸ்ஸில் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

காப்பாற்றி வைத்த ஞாயிறு வந்தது. அம்மா மட்டும் சோற்றுத் தூக்குப்போசியோடு வந்தாள்.

"அப்பா வர்லியா?"

"கூட்டாளிங்க முன்னால உனக்குக் கூச்சமா இருக்குமாம் சாமி. நீ மட்டும் போய்ட்டு வான்னு ஊட்லயே நின்னுட்டாரு."

நடந்ததை அழுதுகொண்டே சொன்னேன். "நான் போய்ச் சொல்றேன், அழுவாத" என்று அம்மா கண்ணைத் துடைத்துவிட்டாள். நானே சொல்ல வேண்டும் போலிருந்தது. அடுத்த ஞாயிறுக்கு முழுதாக ஒரு மாதம் இருந்தது.